தவறு எங்கே என்று பார்க்க ஒருவர்: நீட் தனிப்பயிற்சி அனுபவங்கள்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தாய்

வணக்கம். நீட் தேர்வுக்குப் பிள்ளையைத் தனி ஆசிரியரிடம் அனுப்பலாமா, பயிற்சி மையத்திலேயே விட்டுவிடலாமா என்று பலரும் கேட்டிருப்பதால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். என் மகன் 2024 மே மாதத் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் பெறவில்லை. மறுபடியும் எழுதுவதென்று முடிவுசெய்து ஒரு மையத்தின் ரிப்பீட்டர் வகுப்பில் சேர்ந்தான். ஆகஸ்டில் அங்கு நடந்த மாதிரித் தேர்வில் 720க்கு 312 வந்தது. விடைகளைப் பலகையில் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். தொண்ணூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்குமேல் அவர்களாலும் செய்ய முடியாதுதான்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். முதல் வாரம் அவர் பாடமே எடுக்கவில்லை. "போன தேர்வின் கேள்வித்தாளும் இவன் குறித்த விடைகளும் இருக்கின்றனவா அம்மா?" என்று மட்டும் கேட்டார். 92 சரி, 56 தவறு, 32 தொடாமல் விட்டவை. தவறான 56 கேள்விகளையும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வெள்ளைத்தாளில் மறுபடியும் போடச் சொன்னார். இரண்டு மாலைகள் உட்கார்ந்து போட்டதில், 23 கேள்விகளுக்கு யாருடைய உதவியும் இல்லாமல் சரியான விடை வந்துவிட்டது. தவறாகப் போட்ட ஒரு கேள்வி சரியானால் 4 மதிப்பெண் கிடைப்பதோடு கழிக்கப்பட்ட 1 மதிப்பெண்ணும் திரும்பி வருவதால், அந்த 23 கேள்விகளில் மட்டும் 115 மதிப்பெண் போயிருந்தது. புதிதாக ஒரு வரிகூடப் படிக்காமல் அவன் 427 எடுத்திருக்கக்கூடியவன் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவை ஏன் தவறின என்பதைக் கண்டுபிடித்ததுதான் அந்த ஆசிரியர் எங்களுக்குச் செய்த பெரிய உதவி. நொடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து மீண்டும் கைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று ஒரு கேள்வி. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொடுத்திருந்தார்கள். இவன் 2 நொடி என்று குறித்திருந்தான்; அது பந்து உச்சிக்குப் போகும் நேரம். கேள்வி தயாரிப்பவர்களுக்கு இந்த அவசரம் தெரியும் என்பதால் 2 நொடி என்பதையும் ஒரு விடையாகக் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்லாமல், "தம்பி, கேள்வியைச் சத்தமாக வாசி" என்றார். "மீண்டும்" என்ற சொல் வந்த இடத்தில் அவன் குரல் நின்றது. தானாகவே பேனாவை எடுத்து 4 என்று திருத்தினான். அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில், ஒவ்வொரு தவறும் வாசித்ததில் வந்ததா, அலகில் வந்ததா, கணக்குப் போட்டதில் வந்ததா, உண்மையிலேயே தெரியாததா என்று எழுதிவைக்கும் பழக்கம் தொடங்கியது. ஆகஸ்ட் தாளில் 14 ஆக இருந்த வாசிப்புத் தவறுகள் நவம்பர் மாதத் தாளில் 3 ஆகக் குறைந்திருந்தன.

2025 ஜனவரியில் தேர்வு முறை மாறியபோது இன்னொரு சிக்கல் வந்தது. கொரோனா காலத்தில் கொண்டுவரப்பட்ட விருப்பக் கேள்விகளும் கூடுதல் இருபது நிமிடங்களும் போய், 180 நிமிடத்தில் 180 கேள்விகள் என்றாகிவிட்டது. மையத்தில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை கொடுத்தார்கள். ஆசிரியரோ இவன் விடைத்தாளில் வட்டங்களைக் கருப்பாக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்து, அதற்கென்றே பதினைந்து நிமிடம் ஒதுக்கி, உயிரியலை ஐம்பது நிமிடத்துக்குள் முடித்துவிட்டு வேதியியலுக்குப் போகும்படி அட்டவணை போட்டுக்கொடுத்தார். குருட்டாம்போக்கில் குறிப்பதைப் பற்றியும் ஒரு கணக்குச் சொன்னார். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண்தான் கிடைக்கும். இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ளிவிட முடிந்தால் அது ஒன்றரையாகும். ஆகவே இரண்டைத் தள்ள முடியாத கேள்வியைத் தொட வேண்டாம் என்பது அவர் விதி.

மே 4 அன்று வந்த இயற்பியல் பகுதி எவ்வளவு கடினம் என்பது அந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகளுக்குத் தெரியும். தேர்வு மையத்தைவிட்டு வெளியே வந்த பல பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். இவன் 28 கேள்விகளை மட்டும் எழுதிவிட்டு, மீதியைக் கைவிட்டு வந்ததாகச் சொன்னான். விடக் கற்றுக்கொண்டதுதான் அவனைக் காப்பாற்றியது என்று நான் இன்றும் நம்புகிறேன். இப்போது மருத்துவம் முதலாண்டு படிக்கிறான்.

தென்காசி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர்

மேலே எழுதிய சகோதரியின் அனுபவத்தோடு, தமிழ்வழி மாணவர்களைத் தனியாகப் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பேச்சுவழக்கில் நாம் எல்லாவற்றையும் "வேகம்" என்றே சொல்கிறோம். பாடநூலில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. வேகத்துக்குக் கடந்த தூரத்தையும், திசைவேகத்துக்கு இடப்பெயர்ச்சியையும், அதாவது புறப்பட்ட இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதையும், நேரத்தால் வகுக்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு மாணவி, வட்டப்பாதையில் ஒரு முழுச் சுற்று முடித்து வந்த ஓட்டக்காரரின் சராசரித் திசைவேகத்தைக் கேட்டபோது, பாதையின் நீளத்தை நேரத்தால் வகுத்து வைத்தாள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே விடையும் சுழி என்பதை அவளே வீட்டு முற்றத்தில் நடந்து பார்த்துப் புரிந்துகொண்டாள். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் அவளை அப்படி நடக்க வைத்திருக்க முடியாது.

தமிழ் வினாத்தாள் கேட்பவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள்தான் கொடுக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதும் விதி. 2018ஆம் ஆண்டில் 49 கேள்விகளின் தமிழாக்கத்தில் பிழை இருந்ததென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்க உத்தரவிட்டதும், பிறகு உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ஏற்காததும் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகளின் இழப்பை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம் ஆறவில்லை. அதனால் என்னிடம் வரும் ஒவ்வொருவரையும் தினமும் பத்துக் கேள்விகளை இரண்டு மொழிகளிலும் வாசிக்க வைக்கிறேன். ஆங்கிலம் சரளமாக வர வேண்டியதில்லை. "தவறான கூற்று எது" என்பதையும் "சரியான கூற்று எது" என்பதையும் ஆங்கில வரியில் பிரித்தறியத் தெரிந்தால்கூடப் பல மதிப்பெண்கள் தப்பும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தந்தை

எங்கள் அனுபவம் வேறு மாதிரியானது. மகளின் ஜே.இ.இ. எனப்படும் பொறியியல் நுழைவுத் தேர்வுக்காக, ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்று சொன்ன ஒரு இணையவழி நிறுவனத்தில் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினோம். ஐந்து மாதத்தில் கணிதத்துக்கு மட்டும் நான்கு ஆசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்கினார்கள். முந்தைய ஆசிரியர் எழுதிய குறிப்பு ஒன்றுகூட அடுத்தவரிடம் போய்ச் சேரவில்லை. பணம் திரும்ப வரவில்லை என்பதைவிட, அந்த ஐந்து மாதங்கள் திரும்ப வராது என்பதுதான் எனக்கு வலித்தது. சேர்க்குமுன் யார் கற்பிப்பார், கடைசிவரை அவரே இருப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். மாதாமாதம் மட்டும் கட்டணம் கட்டுங்கள்.

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி

நான் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் பெற்றவள். தனி ஆசிரியருக்குக் கட்டணம் கொடுக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. எங்கள் பள்ளியிலேயே படித்து மருத்துவம் இரண்டாம் ஆண்டில் இருந்த ஓர் அக்காதான் எனக்குத் தனிப்பயிற்சி கொடுத்தார். அன்றன்று நான் தவறாகப் போட்ட கேள்விகளைப் படமெடுத்து மாலையில் அனுப்புவேன். இரவு ஒன்பது மணிக்கு அவர் விடுதியிலிருந்து அழைத்து நாற்பது நிமிடம் பேசுவார். விடையை ஒருபோதும் முதலில் சொல்ல மாட்டார். "நீ ஏன் அதைக் குறித்தாய் என்று சொல்லு பாப்பா" என்றுதான் தொடங்குவார். காரணம் சொல்லத் தொடங்கினாலே பாதி நாட்களில் தவறு எனக்கே தெரிந்துவிடும். உயிரியலில் என்.சி.இ.ஆர்.டி. என்ற தேசியப் பாடநூலின் படங்களுக்குக் கீழே உள்ள சிறு எழுத்துகளையும் விடாமல் படிக்க வைத்தவர் அவர்தான்.

தேர்வுக்கு முந்தைய இரவு அவர் பாடம் எதுவும் பேசவில்லை. நுழைவுச்சீட்டும் புகைப்படமும் அடையாள அட்டையும் எடுத்து வைத்தாயா, அரைக்கைச் சட்டை இருக்கிறதா, ஷூ போடாமல் செருப்போடு போ, பேனா அங்கேயே தருவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "தோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தூங்கு" என்றார்.