வாரச் சம்பளக் குடும்பம்: தீபாவளி போனஸை மனைக்குப் போடலாமா?

கேட்டவர்: செக்கிங் அம்மா, திருப்பூர்

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலைதான். அவர் ஓவர்லாக் டெய்லர், கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட். நான் வேறொரு கம்பெனியில் செக்கிங். எனக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், அவருக்கு இல்லை. மகள் மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. மகன் யு.கே.ஜி.

வேலை முழுசாக இருந்தால் சனிக்கிழமை சாயந்திரம் அவர் 5,400, நான் 2,600, ஆக 8,000 கைக்கு வரும். வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து மாதம் 21,000 ஆகிறது. அதற்கு மேல் கட்டுபவை: நகைக்கடைச் சீட்டு 2,000. பக்கத்து வீதி அக்கா பிடிக்கும் ஏலச்சீட்டு 5,000 (ஒரு லட்சம் சீட்டு, 20 பேர், எட்டு மாதம் முடிந்தது, நாங்கள் இன்னும் எடுக்கவில்லை). அவர் பெயரில் ஒரு எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்தது), வருடம் 24,000, நான்கு பிரீமியம் கட்டியாச்சு.

இந்தத் தீபாவளிக்கு இரண்டு பேர் போனஸும் சேர்த்து 26,000 வரும். காங்கேயம் ரோட்டுப் பக்கம் இரண்டரை சென்ட் மனை, முன்பணம் 30,000, அப்புறம் மாதம் 6,000 வீதம் 60 மாதம் என்று அவர் பார்த்து வைத்திருக்கிறார். சொந்த மண் வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை. மாமியார் பவுன் எடுக்கச் சொல்கிறார். எனக்கோ மகள் பெயரில் செல்வமகள் கணக்கு (பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்புத் திட்டம்) ஆரம்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கியபோது அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மிஷின் ஓடியது. என் வளையலை அடகு வைத்துத்தான் டெர்ம் ஃபீஸ் கட்டினோம். அந்த நிலை திரும்ப வரக்கூடாது. எதை முதலில் செய்வது?

பதில்: தபால் ஆபீஸ் அண்ணன்

செல்வமகள் கணக்கை 10 வயதுக்குள் தொடங்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். வருடம் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு வட்டியை அறிவிக்கும், மாறலாம்.

ஒரு விஷயத்தைப் பலரும் சொல்வதில்லை. 15 வருடம் கட்ட வேண்டும், 21 வருடத்தில் முதிர்ச்சி. பிறந்த குழந்தைக்கு இது சரி. உங்கள் மகளுக்கு முதிர்வு வரும்போது 29 வயது இருக்கும். 18 வயதில் கல்லூரிக்கு என்று எடுத்தால், முந்தைய நிதியாண்டுக் கடைசியில் இருக்கும் தொகையில் பாதி வரைதான் தருவார்கள். மாதம் 1,000 கட்டினால் அப்போது சுமார் 1.8 லட்சம் இருக்கும், கையில் கிடைப்பது 90,000 அளவில். கல்லூரிச் செலவு முழுவதையும் இதன் மேல் ஏற்றி வைக்க வேண்டாம்.

பதில்: சனிக்கிழமைக் கணக்கர்

தங்கச்சி, நான் பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமை சம்பளக் கவர் போட்டுக் கொடுத்த கை இது. ஆர்டர் இல்லாத நாட்களில் அட்வான்ஸ் கேட்டு வந்து நின்றவர்களில் பாதிப் பேர் சம்பாதிக்கத் தெரியாதவர்கள் இல்லை. மாதம் கட்ட வேண்டியதை, முழு வேலை இருக்கும் மாதத்தின் சம்பளத்துக்கு அளவெடுத்து வைத்துக்கொண்டவர்கள். அதனால் உங்கள் கணக்கை மந்தமான மாதத்துக்குப் போட்டுப் பார்த்தேன்.

முழு வேலை இருந்தால் மாதம் சுமார் 34,000. செலவு 21,000 போக மிச்சம் 13,000. சீட்டு இரண்டும் பாலிசியும் மாதக் கணக்கில் 9,000. மீதி 4,000. இதில் மனைக்கு 6,000 எங்கே இருக்கிறது? நல்ல மாதத்திலேயே 2,000 துண்டு விழுகிறது.

அவருக்கு மூன்று நாள் வேலை என்றால் வாரம் 5,300, மாதம் 23,000. செலவு போக 2,000 மிஞ்சும், கட்ட வேண்டியது 9,000. மாதம் 7,000 குறைகிறது. அப்படி ஆறு மாதம் ஓடினால் 42,000. உங்கள் முதல் இலக்கு இந்த 42,000தான். மனையும் பவுனும் செல்வமகளும் இதற்குப் பிறகு. இது இல்லாவிட்டால் ஆர்டர் நின்ற மாதத்தில் பாலிசி பிரீமியம் கட்ட முடியாமல் போகும், சீட்டு பாக்கி நிற்கும், எடுத்த பவுன் திரும்ப அடகுக்குப் போகும்.

போனஸ் 26,000த்தையும் அப்படியே இதில் போடுங்கள். தீபாவளித் துணிக்கு வேண்டுமானால் அந்த வாரச் சம்பளத்தில் பாருங்கள். பாக்கி 16,000. முழு வேலை நடக்கும் சனிக்கிழமைகளில் 500 எடுத்து வைத்தால் 32 வாரத்தில் சேர்ந்துவிடும், அடுத்த தீபாவளிக்கு முன்பே. சம்பளம் வந்த அன்றைக்கே எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்த பிறகு மிஞ்சாது.

எங்கே வைப்பது? தபால் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) இதற்கு வேண்டாம். அது ஐந்து வருடம், மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. வங்கியில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்றில் 15,000, மீதியை ஒரு வருட வைப்பாக இரண்டு மூன்று துண்டாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒரு துண்டை உடைத்தால் கொஞ்சம் வட்டி குறையும், அவ்வளவுதான்.

ஏலச்சீட்டை நடுவில் விடாதீர்கள், மிச்சம் 12 மாதத்தையும் கட்டி முடியுங்கள். ஒவ்வொரு தவணையையும் நோட்டில் எழுதி அந்த அக்காவிடம் கையெழுத்து வாங்குங்கள். பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்கு உடம்புக்கு ஒன்று வந்தால் உங்கள் பணத்துக்கு யார் பதில் சொல்வது? அடுத்த சீட்டு போட்டால் பதிவு பெற்ற இடத்தில் போடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது உங்கள் வீட்டுக்காரரின் காப்பீடு. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. அவர் கணக்கு இருக்கும் வங்கியில் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு வருடம் 436 ரூபாய், சுரக்ஷா காப்பீடு வருடம் 20 ரூபாய், இரண்டையும் உடனே போடச் சொல்லுங்கள். முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் (சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மட்டும்), இரண்டாவது விபத்துக்கு 2 லட்சம். நீங்களும் போடுங்கள். பெரிய தொகைக்கு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, இறப்புக்கு மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுக்க வருமானச் சான்று கேட்பார்கள், ஆகவே கான்ட்ராக்டரிடம் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பி.எஃப். கணக்கிலேயே அதிகபட்சம் 7 லட்சம் வரை உயிர்க் காப்பீடு ஒன்று அடங்கியிருக்கிறது. நாமினி பதிவு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

எண்டோமென்ட் பாலிசியைக் கோபத்தில் சரண்டர் செய்ய (முடித்துப் பணத்தைத் திரும்ப வாங்க) வேண்டாம். கிளைக்குப் போய் இன்று சரண்டர் செய்தால் எவ்வளவு, இனி கட்டாமல் பெய்டு-அப் ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பதில்: அவிநாசி மனைக்காரர்

கணக்கர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் மண் மேல் ஆசைப்படுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு அந்த ஏக்கம் புரியும். இரண்டு வருடம் கழித்து வாங்கினாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லே-அவுட்டுக்கு டி.டி.சி.பி. (அரசின் நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் கேளுங்கள். லே-அவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (மனை, வீடு விற்பனையைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) பதிவும் வேண்டும், எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம். ரெரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் மனை மொத்தம் 3,90,000, ஆக 39,000தான் எல்லை. முன்பணமும் ஒரு தவணையும் போனதுமே 36,000 ஆகிவிடும், இரண்டாவது தவணைக்கு முன் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். 60 மாதம் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் வெளியே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பதியும்போது உங்கள் பெயரில் பதியுங்கள் சகோதரி, 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பெண்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கேட்டவர்: செக்கிங் அம்மா, திருப்பூர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கணக்கர் அண்ணா போட்ட கணக்கை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மந்த மாதக் கணக்கைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, மனைக்காரரிடம் ரெரா எண்ணை மட்டும் கேட்டு வைக்கிறேன், பணம் இப்போது வேண்டாம்” என்றார். வாரம் 500 போக மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சுகிறது, அதில் செல்வமகளுக்கு 1,000 போடலாம் என்று நினைக்கிறேன். மந்த மாதத்தில் அதை நிறுத்தினால் அபராதம் வருமா?

பதில்: தபால் ஆபீஸ் அண்ணன்

வராது. மாதாமாதம் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நிதியாண்டுக்குள் 250 கட்டியிருந்தால் போதும். கட்டும் மாதத்தில் 5ஆம் தேதிக்குள் கட்டுங்கள், அப்போதுதான் அந்த மாத வட்டி சேரும். மகளின் பிறப்புச் சான்று, உங்கள் ஆதார், பான் கார்டு எடுத்துக்கொண்டு போங்கள்.