வார்ம் ஆஃப் ஒயிட்: பகலில் அழகு, விளக்கு போட்டால் மஞ்சள். ஷேடை மாற்றணுமா?

புதுச்சுவர்

வணக்கம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பெயின்ட் அடிக்கப் போகிறோம். பளீர் வெள்ளை வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள், சாம்பல் எனக்கு ஆகாது, அதனால் க்ரீமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒரு ஷேடு பார்த்து, சின்ன டப்பா வாங்கி ஹாலில் ஒரு ஓரமாக அடித்துப் பார்த்தோம். பகலில் அவ்வளவு அழகு. ராத்திரி விளக்கு போட்டதும் மஞ்சள் தட்டுகிறது. அதே டப்பாவைப் படுக்கையறையில் அடித்தால், அங்கே பட்டப்பகலிலேயே சோகை பிடித்துப் போய், உற்றுப் பார்த்தால் லேசாகப் பச்சை ஓடுகிறது.

ஹாலில் மதியத்துக்கு மேல் நேர் வெயில் வரும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் வெயிலே கிடையாது. தரை வெளிர் சாம்பல் டைல்ஸ், கதவும் சீலிங்கும் சுத்த வெள்ளை. ஷேடையே மாற்றணுமா, இல்லை இது எல்லா ஆஃப் ஒயிட்டிலும் வருகிற தொல்லைதானா? இன்னொன்று, சுவர், திரை, சோபா எல்லாம் இதே குடும்பத்தில் போனால் வெறிச்சென்று ஆகிவிடாதா?

சாந்துக்கரண்டி

ஷேடு கார்டைத் தூக்கி வைத்துவிட்டு முதலில் பல்பு அட்டையை எடுத்துப் பாருங்கள். 2700கே என்று போட்டிருந்தால் அது நல்ல மஞ்சள் வெளிச்சம், 4000கே நடுநிலை, 6500கே நீலம் தட்டுகிற வெள்ளை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹாலில் 2700 போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுவரில் ஏற்கெனவே மஞ்சள், மேலே மஞ்சள் வெளிச்சம், அப்புறம் மஞ்சளாகத் தெரியாமல் என்ன செய்யும்? 3000 அல்லது 3500 போட்டுப் பாருங்கள். 6500க்குத் தாவிவிடாதீர்கள், நீங்கள் தேடிப் பிடித்த அந்த இதமெல்லாம் அதில் செத்துவிடும். அதே அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், 90க்கு மேல் இருந்தால் நிறம் நிறமாகத் தெரியும். 80 இருக்கிற பல்பில் இந்த மாதிரி நுணுக்கமான ஷேடுகள் மங்கிப் போகும்.

படுக்கையறை விஷயம் வேறு. நேர் வெயில் வராத ஜன்னலில் உள்ளே வருவது வானத்து வெளிச்சம், அதில் நீலம் அதிகம். மஞ்சள் கலந்த வெள்ளைமேல் அது விழுந்தால் பச்சைப் பக்கம் சாயும். ஜன்னலுக்கு வெளியே மரமோ புல்லோ இருந்தால் அந்தப் பச்சையும் சேர்ந்து உள்ளே வரும், அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பாவைக் கடையில் மெஷின் வைத்துத்தான் கலந்து கொடுத்திருப்பார்கள். மூடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் எந்தெந்தச் சாயம் எவ்வளவு என்று இருந்தால் படியுங்கள். மஞ்சளும் கறுப்பும் மட்டும் இருந்தால் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும், ஏனென்றால் அந்த இரண்டும் சேர்ந்தாலே ஆலிவ் பச்சைதான். கூடவே துளி சிவப்பு ஆக்ஸைடு இருக்கிற ஷேடு படுக்கையறைக்குப் பொருந்தும்.

ஜன்னலோரம்

பல்பு சரி, ஆனால் எனக்கு உறுத்துவது அந்தச் சுத்த வெள்ளைக் கதவும் சீலிங்கும்தான். ஆஃப் ஒயிட்டைத் தனியாகப் பார்த்தால் வெள்ளை. பக்கத்தில் ஒரு பளீர் வெள்ளையை நிறுத்தினால் அழுக்கு. கண் எப்போதும் அறையில் இருக்கிற பளிச்சென்ற வெள்ளையை வைத்துத்தான் மற்றதை அளக்கும். எங்கள் வீட்டில் சீலிங்குக்கும் அதே சுவர் ஷேடையே, சாயத்தைப் பாதியாகக் குறைத்துக் கலந்து வாங்கி அடித்தோம், மேலே ஓரத்தில் அந்த வெட்டுக் கோடு தெரியவே இல்லை, அறையும் உயரமாகத் தோன்றுகிறது. கதவு நிலைக்கும் அதே ஷேடு, ஆனால் கொஞ்சம் பளபளப்பு கூடின ஃபினிஷ். அந்தப் பளபளப்பு வித்தியாசமே போதும், நிறத்தில் வித்தியாசம் தேவையில்லை.

திரைத்துணி வாங்கும்போதும் ஜாக்கிரதை. நீலம் போட்ட மாதிரி வெளேரென்று இருக்கிற துணி, சுவரைக் காட்டிக் கொடுத்துவிடும். வெளுக்காத பருத்தி, லினன், இந்த ரகம் நல்லது.

அப்புறம், சுவரில் ஓரமாகத் தீற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள் தயவுசெய்து. சுற்றிலும் பழைய நிறம் இருக்கும், அது கண்ணைக் குழப்பும். ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு, காய்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு நடங்கள். ஜன்னல் பக்கச் சுவர், எதிர்ச் சுவர், மூலை, தரையோரம். காலையில் ஒரு தரம், அந்தியில் ஒரு தரம், விளக்கு போட்டு ஒரு தரம். இரண்டு மூன்று ஷேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எது ரோஸ், எது பச்சை, எது சாம்பல் என்று பிடிபடும். ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாமே வெள்ளைதான்.

புதுச்சுவர்

சாந்துக்கரண்டி, மூடியைப் பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே மஞ்சளும் கறுப்பும்தான், சிவப்பே இல்லை! பல்பும் 2700. அப்படியென்றால் இரண்டு அறைக்கும் வேறு வேறு ஷேடுதான் கதியா? நடுவில் ஒரே ஒரு திறப்புதான், கதவு கிடையாது, ஒரு அறையிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும்.

மேட்ஃபினிஷ்

இரண்டு ஷேடு அடிப்பதில் ஒரு தப்பும் இல்லை. திறப்பு வழியாகத் தெரிகிறது என்பதற்காகவே இரண்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்றால், வெளிச்சம் வேறாக இருக்கிற அறைகளில் பெயின்ட் வேறாகத்தான் இருக்கணும். ஹாலுக்கு மஞ்சள் குறைந்தது, படுக்கையறைக்குச் சிவப்பு துளி கூடினது. இரண்டின் எல்.ஆர்.வி. எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். அது சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதற்கான எண், கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. சில கம்பெனிகள் ஷேடு கார்டிலேயே போட்டிருப்பார்கள். வெளிச்சம் குறைந்த அறைக்கு இந்த எண் இன்னும் ஏறினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருட்டு அறையில் அதிக வெள்ளை அடித்தால் நிழல் விழுகிற மூலையெல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். அங்கே ஒரு படி இறங்கின, பீஜ் பக்கம் போகிற ஷேடே மேல்.

ஹாலில் மட்டும் கார்டில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறினதாக எடுங்கள். நாலு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று வெளிச்சத்தை எறிந்து கொண்டே இருக்கும், அடித்து முடித்ததும் நிறம் கார்டில் இருந்ததைவிட ஏறித்தான் தெரியும்.

வெறிச்சென்று ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள், அதை யாருமே தொடவில்லை. ஆகும், எல்லாமே வழவழவென்று இருந்தால். சுவர் வழவழப்பு, டைல்ஸ் வழவழப்பு, சோபாவும் ரெக்சின் என்றால் கண்ணுக்குப் பிடிமானமே இருக்காது. அதே நிறத்திலேயே சொரசொரப்பைக் கொண்டு வாருங்கள்: சணல் விரிப்பு, பின்னல் தெரிகிற பிரம்பு நாற்காலி, முரட்டு நூலில் நெய்த குஷன் உறை. ஒரு விளக்கு பக்கவாட்டிலிருந்து விழுந்தால் அந்த நெசவின் ஒவ்வொரு இழைக்கும் நிழல் விழும், அந்த நிழல்தான் அலங்காரம். உங்கள் சாம்பல் டைல்ஸ் குளிர்ச்சியான நிறம், விரிப்பு இல்லாமல் அது இந்தச் சுவரோடு ஒட்டாது. கூடவே அடர்த்தியாக ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும், கறுப்பு இரும்புச் சட்டமோ, கரும்பழுப்பு மர அலமாரியோ. எல்லாமே வெளிறியிருந்தால் ஏதோ துணி போட்டு மூடி வைத்த வீடு மாதிரி ஆகிவிடும்.

சாந்துக்கரண்டி

மேட்ஃபினிஷ் சொன்ன இரண்டு ஷேடுக்கு நானும் ஓட்டு. வேலை தொடங்கும் முன் சில விஷயம் மட்டும். ஒரு அறைக்குத் தேவையான டப்பாக்களை ஒரே நேரத்தில் கலந்து வாங்கி, எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஆஃப் ஒயிட்டில் ஒரு துளி சாயம் கூடினாலும் நடுச்சுவரில் ஒட்டுப் போட்டது தெரியும். பட்டி பார்த்த இடங்களுக்குப் பிரைமர் கட்டாயம் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தத் திட்டுகள் மட்டும் பெயின்ட்டை உறிஞ்சி வேறு பளபளப்பில் நிற்கும். மேட், அதாவது பளபளப்பு இல்லாத பெயின்ட், அடித்தால் சுவரின் மேடுபள்ளம் மறையும், ஆனால் அழுத்தித் துடைத்த இடம் பளபளத்துப் போகும், குழந்தைகள் இருந்தால் நடமாடுகிற பக்கம் மட்டும் கொஞ்சம் பளபளப்பு இருக்கிறதை எடுங்கள்.

கதவுக்கு எண்ணெய் எனாமல் வெள்ளை வேண்டாம். அது நாளாக நாளாக மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் படாத பக்கம்தான் சீக்கிரம் ஆகும், அலமாரிக் கதவின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். தண்ணீரில் கரைகிற எனாமல் கிடைக்கிறது, அதைச் சுவர் ஷேடிலேயே கலந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுச்சுவர்

சரி, முதலில் பல்பு மாற்றிவிட்டு, அட்டையோடு நடக்க ஆரம்பிக்கிறேன். சிவப்பு கலந்த ஷேடு இரண்டு கேட்டு வாங்கியிருக்கிறேன், நாளைக்குப் படம் போடுகிறேன். போட்டோவில் நிறம் சரியாக வராது என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.