புதுப்பிப்பு: மறுபரப்பல் கோளாறு பிடிபட்டது

பிழையோடு வந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பச் சொல்லி, வந்த பிரதிகளைக் கூட்டி டிகோட் செய்யும் என் ரிசீவரில் (இந்த முறைக்கு ஹார்க், HARQ, என்று பெயர்), மறுபடி அனுப்பியும் பாக்கெட் டிகோட் ஆகவில்லை, சில நேரம் இன்னும் மோசமாகிறது என்று புலம்பியிருந்தேன் அல்லவா? கோளாறு டர்போ கோடில் (பிழை திருத்தும் குறியீடு) இல்லை, பிரதிகளைக் கூட்டி வைக்கும் என் பஃபரில்தான். ஒவ்வொரு முறை வரும் சாஃப்ட் பிட்களையும் (ஒரு பிட் 0-வா 1-ஆ என்பதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் எண்கள்) 8 பிட்டுக்குள் அடக்க, அந்தந்த முறையின் உச்ச மதிப்பால் வகுத்துத் தொலைத்திருக்கிறேன். இரைச்சலில் மூழ்கிய முதல் பிரதியும் சுத்தமாக வந்த இரண்டாவதும் ஒரே எடையோடு கூடின. முதல் பிரதியில் +2 இருக்க வேண்டிய இடத்தில் +90! இரைச்சல் அளவால் வகுத்து, எல்லா முறைக்கும் ஒரே அளவுகோல் வைத்ததும் பெரும்பாலும் இரண்டாவது முயற்சியிலேயே சிஆர்சி (பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) சரியாகிவிடுகிறது.

அப்புறம், ரிடன்டன்சி வெர்ஷன் (குறியீட்டின் எந்தப் பகுதியை இந்த முறை அனுப்புவது என்று சொல்லும் எண்) வரிசையை எல்டிஇ (4ஜி) வழக்கப்படி 0, 2, 3, 1 ஆக்கினேன். லாபம் கொஞ்சம்தான். ரிசீவர் அனுப்பும் 'நாக்' (NACK, சரியாக வரவில்லை) பதிலை 'ஆக்' (ACK, வந்துவிட்டது) என்று அனுப்புநர் தப்பாகப் படிக்கும் சிக்கல் பாக்கி. அதை, விடுபட்டதை மறுபடி கேட்டு வாங்கும் மேலே உள்ள ஆர்எல்சி (RLC) அடுக்கிடம் விட்டுவிட்டேன்.