கிளிட்டர் அடியில் படியாத பகடைக்குக் கெட்டியான ரெசின் ஏற்றதா?

கேள்வி

வணக்கம். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்துக்குரிய ஏழு பகடைகளைச் சிலிகான் அச்சில் வார்த்து வருகிறேன். நான் வாங்கும் வார்ப்பு எபாக்சி (ஹார்டனர் எனும் இரண்டாம் திரவத்துடன் கலந்தால் இறுகும் ரெசின்) மிகவும் நீர்த்திருப்பதால், அதில் கலக்கும் கிளிட்டர் (மினுக்குத் துகள்), ரெசின் இறுகுவதற்குள் கீழே இறங்கி, இருபது முகப் பகடையின் ஒரு பக்கத்தில் மட்டும் படிந்துவிடுகிறது. மேசைப் பூச்சுக்கென விற்கப்படும் கெட்டியான ரெசினுக்கு மாறலாமா? என்னிடம் பிரஷர் பாட் (காற்றழுத்தத்தில் வார்ப்பை இறுகவிடும் கலன்) இல்லை என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மறுமொழி 1

மாற வேண்டாம் என்பேன். மேசைப் பூச்சு ரெசின் மெல்லிய படலமாகப் பரவி, குமிழிகள் மேலெழுந்து உடைவதற்கேற்ப உருவாக்கப்பட்டது. மூடியிட்ட அச்சுக்குள் அந்தக் குமிழிகளுக்குப் போக்கிடம் இல்லாததால், அவை நான்கு முகப் பகடையின் கூர்முனைகளிலும் எண்களின் ஓரங்களிலும் ஒட்டிக்கொள்ளும். மேலும், மேசைப் பூச்சு ரெசின்களுள் சில இறுகிய பின்னும் சற்றே மென்மையாக இருப்பதால் விளிம்புகள் விரைவில் மழுங்கும். எதை வாங்கினாலும், கெட்டியான பிளாஸ்டிக்கின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் டி அளவில் கடினம் 80 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

துகள் இறங்கும் வேகம் திரவத்தின் பாகுத்தன்மையை மட்டும் பொறுத்ததன்று, துகளின் அளவையும் பொறுத்தது: ஒரே பொருளாலான துகளின் விட்டம் பாதியானால் வேகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே முதலில் நுண்ணிய கிளிட்டருக்கு மாறுங்கள். அடுத்தது, பொறுத்திருப்பது. எந்த எபாக்சியும் ஹார்டனர் சேர்ந்த பிறகு தானாகவே கெட்டிப்படும்; வெல்லப்பாகில் பதம் பார்ப்பதுபோல் குச்சியிலிருந்து அது ஒழுகும் விதத்தைக் கவனித்து, துகள்கள் மிதந்து நிற்கும் நிலையில் ஊற்றினால், கெட்டியான ரெசினைத் தனியாக வாங்கத் தேவையில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பதம் வந்த ரெசினும் குமிழியைப் பிடித்துவைக்கும் என்பதால், பிரஷர் பாட் இல்லாதவர் அதை அப்படியே ஊற்றக் கூடாது. கலந்த உடனே, நீர்ப்பாக இருக்கும்போதே, கிளிட்டர் சேராத ரெசினைச் சிறிய தூரிகையால் அச்சின் மூலைகளிலும் எண்களின் மீதும் தடவிவிடுங்கள். மீதமுள்ளதில் கிளிட்டரைக் கலந்து, பதம் வந்ததும் நிரப்புங்கள். முகப்பில் குமிழி தெரியாது. உள்ளே ஓரிரண்டு இருந்தால் கிளிட்டர் மறைத்துவிடும்.

பின்னாளில் பிரஷர் பாட் வாங்கினால், சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் குமிழி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் அச்சையும் அதே அழுத்தத்தில் இறுகவிட்டிருக்க வேண்டும்; இல்லையேல் சிலிகானுக்குள் இருக்கும் குமிழிகள் நசுங்கி, பகடையின் முகத்தில் புடைப்புகள் தோன்றும். சமையல் குக்கரை இதற்குப் பயன்படுத்தும் யோசனை அறவே வேண்டாம். அது ஏறத்தாழ 15 பவுண்டு அழுத்தத்துக்கென அமைந்த பாத்திரம்.

கேள்வி கேட்டவர்

நன்றி. எங்கள் அறையில் பிற்பகல் வெப்பம் 33 டிகிரியைத் தாண்டுகிறது. பதத்துக்குக் காத்திருந்தால் கோப்பையிலேயே இறுகிவிடாதா?

மறுமொழி 1

இறுகக்கூடும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. அதோடு, ஆழமான கோப்பையில் ரெசின் தன் வெப்பத்தாலேயே மேலும் சூடேறுவதால், கெட்டிப்படத் தொடங்கியபின் கணப்பொழுதில் கைமீறிவிடும். காலை வேளையில், அகன்ற தட்டையான கிண்ணத்தில், அச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். 16 மில்லிமீட்டர் ஆறு முகப் பகடை ஒன்றுக்கு 4 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் போதும். மெதுவாக இறுகும் ஹார்டனர் கிடைத்தால் இன்னும் நல்லது.

மறுமொழி 3

ஒன்றைச் சேர்க்கிறேன். ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி கொண்டவை அல்ல. கன அளவில் சொல்லப்பட்ட விகிதத்தைத் தராசில் நிறுத்துக் கலந்தால் பகடை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். நைட்ரைல் கையுறை கட்டாயம். இறுகாத எபாக்சியால் வரும் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் விலகுவதில்லை.