பழைய டிவி கேம் பெட்டியின் இசையும் கணினியில் கேட்கும் இசையும் ஏன் ஒத்துப்போகவில்லை?

பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்):

அனைவருக்கும் வணக்கம். தொண்ணூறுகளில் ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு கடையில் அப்பா வாங்கிக் கொடுத்த டிவி கேம் பெட்டி எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்னும் ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்தான். மேலே எந்த நிறுவனத்தின் பெயரும் கிடையாது. அதன் கேசட்டில் உள்ள ஒரு விளையாட்டின் இசையை என்எஸ்எஃப் கோப்பாக (ஒலிப்பதிவாக இல்லாமல், விளையாட்டின் இசை நிரலையே கொண்ட கோப்பு) எடுத்து, என்எஸ்எஃப்பிளே என்னும் பிளேயரில் ஓட்டிப் பார்த்தேன். பெட்டியின் ஆடியோ கம்பியிலிருந்து செய்த பதிவையும் அருகில் வைத்து ஒப்பிட்டால், இரண்டும் ஒரே இசை என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது.

மெட்டு ஒரு முறை சுற்றி வரப் பெட்டியில் 72 வினாடி ஆகிறது. கணினியில் 60 வினாடியிலேயே முடிந்து விடுகிறது. அமைப்பில் பால் முறையை (ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் இருந்த டிவி முறை) தேர்ந்தெடுத்தால் வேகம் சரியாகிறது, ஆனால் சுருதி நன்றாக இறங்கி விடுகிறது. பெட்டியின் சுருதியோ அந்த அளவுக்கு இறங்கவில்லை. இதற்கு மேல், முதன்மை மெட்டு பெட்டியில் மூக்கால் பாடுவது போலக் கூர்மையாக ஒலிக்க, கணினியில் அதே மெட்டு மொத்தையாக வருகிறது. பிழை பிளேயரிலா, கோப்பிலா?

நொய்யல்வாசி (திருப்பூர்):

ஒலியைக் கோப்பாக மாற்றிக்கொண்டு, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி எந்த ஒலித் தொகுப்பு மென்பொருளிலும் உண்டு. 83 விழுக்காடு வைத்தால் வேலை முடிந்ததே?

சதுர அலை (கோவை):

அண்ணா, அந்த வழி வேகத்தை மட்டும்தான் சரிசெய்யும். ஏன் போதாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பவானிக்கரை அவர்களே, உங்கள் பிளேயரும் கோப்பும் சரியாகவே இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒப்பிடும் இயந்திரம்தான் வேறு. இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு படச்சட்டத்துக்கு ஒரு முறை இசை நிரலை அழைப்பவை. ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டிகளில் வினாடிக்கு ஏறத்தாழ 60.1 சட்டங்கள்; நம் ஊர் டிவிக்காகச் செய்த பெட்டிகளில் 50. உங்கள் 60 வினாடி 72 ஆனது அந்தக் கணக்கில்தான்.

சுருதி அந்தக் கணக்கில் அடங்காது, ஏனெனில் அதைச் சிப்பின் கடிகார வேகம் தீர்மானிக்கிறது. அமெரிக்கப் பெட்டியில் அது 1.7898 மெகாஹெர்ட்ஸ். நின்டெண்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த பால் பெட்டியில் கடிகாரத் துடிப்பைத் தரும் 26.6017 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் வேகத்தை 16ஆல் வகுத்து 1.6626 ஆக்கினார்கள், அதனால் 440 ஹெர்ட்ஸில் வரவேண்டிய சுரம் 409க்கு அருகே, அதாவது அரைச்சுரத்துக்கும் மேலாக இறங்கி விடும். ஐரோப்பாவுக்கு விளையாட்டை மாற்றியவர்களில் கவனமானவர்கள் சுரப் பட்டியலையே திருத்தினார்கள். நகல் பெட்டி செய்தவர்களோ அதே படிகத்தை 15ஆல் வகுத்து 1.7734 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டார்கள். 440 அங்கே 436 ஆகும். இவ்வளவு சிறிய இறக்கத்தைத் தனியாகக் கேட்கும்போது கண்டுபிடிப்பது கடினம். ரஷ்யாவில் விற்ற ஒரு நகலின் பெயரால் இதற்கு டெண்டி முறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. என்எஸ்எஃப்பிளேயின் வட்டாரத் தேர்வில் பாலுக்கு அடுத்தபடியாக அதுவும் இருக்கிறது; கட்டாயமாக அதை ஓட்டும்படி வையுங்கள்.

அப்படியும் வேகம் மாறாவிட்டால் கோப்பின் தலைப்பகுதியைப் பாருங்கள். 128 பைட் கொண்ட அந்தப் பகுதியில், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால், 120, 121ஆம் இடங்களில் 50 ஹெர்ட்ஸுக்கான அழைப்பு இடைவெளி மைக்ரோவினாடியில் எழுதப்பட்டிருக்கும். 20000 வேண்டுமென்றால் முதல் பைட் 32, அடுத்தது 78. கோப்பு எடுத்தவர்கள் பலர் அந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

இப்போது 83 விழுக்காட்டு யோசனைக்கு வருகிறேன். ஒலி தானாகத் தணிவதற்குச் சிப்பிலேயே ஓர் அமைப்பு உண்டு. அது படச்சட்டத்தைப் பார்ப்பதில்லை, சிப்பின் கடிகாரத்தையே பின்பற்றுகிறது. ஆகவே டெண்டிப் பெட்டியில் சுரங்களுக்கு இடைப்பட்ட நேரம் நீண்டாலும், அந்த அமைப்பைப் பயன்படுத்தும் சுரங்கள் ஏறக்குறையப் பழைய வேகத்திலேயே தணிகின்றன. ஒலிக்கோப்பை இழுத்து நீட்டினால் தணிவும் சேர்ந்து நீண்டு, தாள ஒலிகள் தளர்ந்து போகும்.

தறிக்காரன் (பல்லடம்):

மெட்டின் தொனி பற்றி மேலே யாரும் தொடவில்லை, தம்பி. அதுவும் பெட்டியின் வேலைதான்.

இந்தச் சிப்பில் சதுர அலைத் தடங்கள் இரண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதற்கு 12.5, 25, 50, 75 விழுக்காடு என நான்கு தேர்வுகள் உண்டு; இதை டியூட்டி என்பார்கள். 50இல் இரட்டைப்படை ஒத்திசைகள் (அடிச்சுரத்தின் 2, 4, 6 மடங்கு அதிர்வுகள்) எழுவதில்லை, அதனால் ஒலி உருண்டு வரும்; 25இல் அவை பெரும்பாலும் எழுவதால் கூர்மை கூடும். நகல் சிப்புகள் பலவற்றில் 25உம் 50உம் இடம் மாறிக் கிடக்கின்றன. விளையாட்டு 50ஐக் கேட்டால் உங்கள் பெட்டி 25ஐத் தருகிறது.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. 12.5உம் 75உம் இடம் மாறவில்லை. ஆகவே பிளேயரில் மற்றத் தடங்களை அடக்கிவிட்டு ஒவ்வொரு சதுர அலையாகப் பதிவோடு ஒப்பிடுங்கள். சில பகுதிகள் அச்சாகப் பொருந்தி, சில மட்டும் மாறி ஒலித்தால், காரணம் இதுவேதான். என்எஸ்எஃப்பிளேயின் சிப் அமைப்பில் டியூட்டியை இடம் மாற்றும் தேர்வு இருக்கிறது. பெட்டியைக் கணினியிலேயே போலச் செய்யும் மெசன் எமுலேட்டரிலும் உண்டு. ஈக்வலைசரைத் திருகி இதைச் சரிசெய்ய முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீண் உழைப்பு. அலையில் இல்லாத ஒத்திசையை எந்தத் திருகும் உண்டாக்காது.

பவானிக்கரை:

அண்ணா, இருவருக்கும் நன்றி. டெண்டி முறையில் 72 வினாடி அப்படியே வந்துவிட்டது; டியூட்டியை மாற்றியதும் மெட்டும் பொருந்தியது. எஞ்சியவை இரண்டு. பதிவு செய்த முரசொலி விழும் இடங்களில் கீழே ஓடும் முக்கோண அலை அமுங்கிப் போகிறது. இதை நிறுத்த வேண்டுமா? அடுத்து, என் பதிவில் மட்டும் விடாத ஓர் உறுமல் கேட்கிறது.

சதுர அலை:

அமுங்குவதை நிறுத்த வேண்டாம். முக்கோண அலை, இரைச்சல், டிபிசிஎம் என்னும் பதிவொலித் தடம் ஆகிய மூன்றும் சிப்புக்குள் நேர்க்கூட்டலாகச் சேர்வதில்லை. டிபிசிஎம் அளவு உச்சமான 127இல் நிற்கும்போது முக்கோண அலையின் வீச்சு பாதிக்கும் கீழே போய்விடும். பிளேயரில் நேரியல் அல்லாத கலவை என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. அதை அணைத்தால் முரசும் அடிச்சுரமும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும், ஆனால் அப்படி ஒலித்த பெட்டி உலகில் எதுவும் இல்லை. சுரம் மாறும்போது சதுர அலையில் வரும் சிறு சொடுக்கொலியையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். சுர அளவின் மேல் பகுதியை எழுதும்போது அலை முதலிலிருந்து தொடங்குவது சிப்பின் இயல்பு.

உறுமலை 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் கண்டால், அதற்கும் இசைக்கும் தொடர்பில்லை, கரண்டிலிருந்து வருவது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்து பாருங்கள். அது போன பிறகே வடிகட்டி அமைப்புகளில் கை வையுங்கள். உறுமல் இருக்கும்போது அடிச்சுரத்தின் அளவை ஒப்பிட்டால் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.