எல்இடி விளக்கு எரிந்தால் விஎச்எஃப் வானொலி இரைகிறது: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, காசிமேட்டில் நிற்கும் எங்கள் விசைப்படகில் 12 வோல்ட் ஆலசன் பல்புகளை (ஜி4 என்ற சின்ன இரண்டு ஊசி வகை, 10 வாட்) எடுத்துவிட்டுச் சென்ற மாதம் எல்இடி போட்டோம். பேட்டரி நன்றாகத் தாங்குகிறது. ஆனால் விளக்கைப் போட்டதும் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் சேனலில் ஒரே இரைச்சல். தூரத்துப் படகுகளின் குரல் கேட்பதே இல்லை. ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல் அது. இப்படியே கடலுக்குப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். இரைச்சல் குறையவில்லை, ஆகவே எஞ்சினோடு ஓடி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் காரணமல்ல. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் உள்ள கம்பத்து விளக்குதான் மிக மோசம். அதில் பழைய ஆலசனை மாட்டினால் அந்த இரைச்சல் அடங்கிவிடுகிறது. வயரில் ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் வளையம்) போட்டதில் கொஞ்சம்தான் குறைந்தது. கையடக்க வானொலியை பல்பின் அருகே கொண்டுபோனால் அதுவும் இரைகிறது. பல்பின் மேல் 10-30 வோல்ட் என்று இருக்கிறது. அத்தனை வோல்ட்டையும் சமாளிக்க உள்ளிருக்கும், மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் ஸ்விட்சிங் சர்க்யூட்தான் காரணம் என்று நினைக்கிறேன். வெறும் ரெசிஸ்டர் வைத்த பல்பு இரையாதுதான், ஆனால் சார்ஜ் ஆகும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டுமே, அதைத் தாங்குமா என்று பயம்.

வானொலியைக் கெடுக்காத 12 வோல்ட் ஜி4 எல்இடி பல்பைப் படகில் பயன்படுத்துபவர்கள், அது எந்த வகை, சென்னையில் எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?