மூணு வருசமா உடுப்புக் குவியலுக்குக் கீழ கிடக்கிற தையல் மிசின் – வேலைக்குப் போற அம்மாமார் எப்பிடித்தான் நேரம் எடுக்கிறீங்க?

கல்லடி_வாவிக்கரை:

வணக்கம் அக்காமார் தங்கச்சிமார், அண்ணாமார் யாரும் இருந்தா நீங்களும் சொல்லுங்க பறவாயில்ல. நான் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம், ஒரு கந்தோரில கிளாக் வேலை, ரெண்டு பிள்ளைகள், மகன் அஞ்சாம் ஆண்டு மகள் முதலாம் ஆண்டு. விடிய நாலரைக்கு எழும்பினா தேங்காய் துருவி புட்டவிச்சு, மத்தியானச் சோறு கறியும் ஒரே ஓட்டத்தில முடிச்சு நாலு பேருக்குச் சாப்பாடு கட்டி, ஏழு மணிக்கு ஸ்கூட்டியில முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணு ஏத்திக்கொண்டு போய் பள்ளிக்கூடத்தில இறக்கிப்போட்டு எட்டரைக்குக் கந்தோரில விரல் வைக்கணும். நாலேகாலுக்கு அங்க விட்டா நேரா மகன்ட ரியூசன், புலமைப்பரிசில் வருசம் எண்டா தெரியும்தானே, பிள்ளைக்குப் பரீட்சையா எங்களுக்குப் பரீட்சையா எண்டே விளங்கல்ல. அவர் வாழைச்சேனையில வேலை, வீட்டுக்கு வந்து சேர ஏழு தாண்டும். ராவைக்கு பாத்திரம் கழுவி பள்ளிச் சட்டை அயன் பண்ணி முடிய பத்தரை.

இப்ப விசயத்துக்கு வாறன். எண்ட அம்மா எனக்குக் கலியாணத்துக்குத் தந்த கால் மிசின் ஒண்ணு இருக்கு, கறுப்பு நிறத் தலை, அம்மாட கையால ஓடின மிசின். கலியாணத்துக்கு முன்ன நான் நல்லாத் தைப்பன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைச்சுக் குடுத்திருக்கன். இப்ப அது மேல காயப்போட்ட உடுப்பு, மடிக்காத உடுப்பு, மடிச்சு வைக்காத உடுப்பு எண்டு மலை மாதிரி, மிசின் இருக்கெண்டே மறந்து போச்சு. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வைராக்கியத்தில எல்லாத்தையும் தள்ளிப்போட்டு திறந்தன். வைகாசியில கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு மகளுக்கு ஒரு பாவாடை சட்டை எண்ட கையால தைக்கணும் எண்டு ஆசை, ரெண்டு மீற்றர் துணியும் எடுத்து வெச்சிட்டன். பாத்தா சில்லு சுத்துதில்ல. இறுகிப் போய் கிடக்கு. சரியெண்டு அடுப்படியில கிடந்த தேங்காய் எண்ணெயை நாலு இடத்தில விட்டன், கொஞ்சம் அசைஞ்சுது, அடுத்த நாள் பாத்தா முந்தியவிட இறுக்கம். மாமி வேற பின்னுக்கு நிண்டு "கடையில ரெடிமேட் தொங்குது, என்னத்துக்கு மகள் இந்த மெனக்கேடு" எண்டுறா. அவ பாசத்திலதான் சொன்னவ, ஆனா எனக்கு அழுகையே வந்திட்டுது, ஏனெண்டும் தெரியல்ல.

ரெண்டு கேள்வி. மிசினுக்கு என்ன செய்யிற? மற்றது, உங்களுக்கெண்டு ஒரு பொழுதுபோக்கு வெச்சிருக்கிறீங்களா, இருந்தா எந்த நேரத்தில செய்யிறீங்க, உண்மையாச் சொல்லுங்க, "மனமுண்டானால் இடமுண்டு" கதை எனக்கு வேணாம்.

தையல்_கிறுக்கி (களுவாஞ்சிக்குடி):

ஐயோ தங்கச்சி தேங்காய் எண்ணெய் விட்டீங்களா!! அது காஞ்சா பிசின் மாதிரி ஒட்டிப் பிடிக்கும், சமையல் எண்ணெய் ஒண்ணும் மிசினுக்கு ஆகாது. பயப்பிட வேணாம், அந்தக் கறுப்புத் தலை எல்லாம் முழுக்க இரும்பு, லேசில சாகாது. நூல், பொபின், ஊசி எல்லாத்தையும் கழட்டுங்க. தலையைப் பின்னுக்குச் சாய்ச்சா அடியில இருக்கிற தண்டு மூட்டெல்லாம் தெரியும். அசையிற மூட்டு ஒவ்வொண்டுக்கும் ரெண்டு மூணு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்க, அடுப்படிக்குக் கிட்ட வேணாம், ஜன்னலைத் திறந்து வைங்க. விடிஞ்சதும் சில்லை உங்கட பக்கமாப் பார்த்து கையால மெல்லச் சுத்துங்க, முக்கிச் சுத்த வேணாம். கறுப்பா ஊத்தை வடியும், பழைய சீலைத் துண்டால துடைங்க, திரும்ப விடுங்க, திரும்பத் துடைங்க. நல்லா இளகினாப் பிறகு மண்ணெண்ணெயை விட்டுட்டு போகப்படாது, அது காஞ்சிடும், இரும்பு மொட்டையா நிண்டு தேயும், அதால தையல் மிசின் எண்ணெய் எண்டே சின்னப் போத்தலில விக்கிறாங்க, தண்ணி மாதிரி இருக்கும், அதை எல்லா மூட்டுக்கும் ஒவ்வொரு சொட்டு.

பொபின் போடுற இடத்தைத் திறந்து பாருங்க, பஞ்சு சேர்ந்து கட்டியா இருக்கும், பழைய பல்லுத் துலக்கிற பிரஷ்ஷால எடுங்க. மூணு வருசமாக் கிடந்த ஊசியை எறிஞ்சிடுங்க, கடல் காத்துக்கு நுனி கறள் பிடிச்சிருக்கும், பருத்தித் துணிக்கு 14 நம்பர் ஊசி போதும். பெல்ட்டும் தளர்ந்திருக்கும், கால் மிதிக்க சில்லு வழுக்குதெண்டா பெல்ட்டை ஒரு அரை இஞ்சி வெட்டிக் குறைச்சு திரும்பக் கம்பி குத்துங்க, கனக்க வெட்டிப்போடாதீங்க. முதல்ல நல்ல துணியைக் குடுக்க வேணாம், கழிவுத் துணியில ஓட்டுங்க, எண்ணெய்க் கறை படுறது நிண்டாப் பிறகு பாவாடைக்கு வரலாம். நான் மகள்ட வெள்ளைப் பள்ளிச் சட்டையில எண்ணெய் பூசின ஆள், அதான் சொல்றன்.

நேரம் எண்டு கேட்டா, ஒரே இருப்பில தைச்சு முடிக்கணும் எண்டு நினைச்சா ஒருநாளும் நடக்காது. நான் ஒரு நாள் அளந்து வெட்டுவன், அவ்வளவுதான், மடிச்சு பையில போட்டுடுவன். மற்ற நாள் குண்டூசி குத்துவன். ரீவி பாக்கக்குள்ள விளிம்புக்கு நூலோட்டம் போடுவன். மிசினில இருக்கிற நேரம் கடைசியில ஒரு அரை மணித்தியாலம்தான் வரும். முக்கியமா ஒண்ணு, மிசினுக்கு மேல உடுப்புப் போடுறதை நிப்பாட்டுங்க!! அதுக்கு ஒரு கூடை வாங்கினா தீருது. எனக்கு நேரமில்லாம இல்ல, மிசினைத் திறக்கிறதுக்கு முன்ன இருக்கிற அந்த ஒதுக்கிற வேலைதான் கொல்லுறது.

சம்மாந்துறை_டீச்சர்:

தங்கச்சி நான் படிப்பிக்கிற ஆள், ஒண்டரைக்கு ஸ்கூல் விட்டா சும்மா இரிக்கிற எண்டு ஊரில எல்லாரும் நினைக்கிறாங்க, பேப்பர் திருத்துறதை ஆரும் கணக்கில எடுக்கிறல்ல. அதை விடுங்க. நீங்க ரியூசனுக்கு மகனைக் கொண்டுபோய் விட்டுட்டு என்ன செய்யிறீங்க? நானும் அப்பிடித்தான் கேற்றடியில ஸ்கூட்டியில இரிந்து ஒன்றரை மணித்தியாலம் போனை நோண்டிக்கிட்டு இரிந்தன், ஒரு நாள் கணக்குப் பாத்தா கிழமைக்கு நாலு நாள், ஆறு மணித்தியாலம்! எண்ட உம்மா கேட்டா தலையில அடிச்சிருப்பா. அதுக்குப் புறகு குரோஷே பின்னத் தொடங்கினன்.

கொக்கி ஒண்ணு, நூலுருண்டை ஒண்ணு, சாப்பாட்டுப் பையிலயே அடங்கும். 3.5 அல்லது 4 மில்லிமீற்றர் கொக்கி எடுங்க, பழகிறதுக்கு சரி. கம்பளி நூல் வேணாம், நம்மட சூட்டுக்கு, கச்சான் காத்து வீசுற நாளையில கை வேர்த்து நூல் கொக்கியில ஒட்டும், பருத்தி நூல்தான் வழுக்கிப் போகும். வெள்ளை நூலும் வேணாம், கையில இரிக்கிற ஊத்தை எல்லாம் அதிலதான் நிக்கும், கறுப்பு எடுத்தா துளை தெரியாது கண் போயிடும், இடையில ஒரு நிறம் பாருங்க. போர்வை கீர்வை எண்டு பெரிசாத் தொடங்கினா வாழ்நாளில முடியாது, கையகலச் சதுரத் துண்டா பின்னுங்க, ஒரு ரியூசனுக்கு ஒரு துண்டு வரும், கடைசியில எல்லாத்தையும் சேர்த்துத் தைக்கலாம். தையல் மிசினுக்கு இரிக்கிற கரைச்சல் இதுக்கில்ல, பிள்ளை வெளியால வந்தா அந்த இடத்திலயே நிப்பாட்டி கண்ணியைக் கொஞ்சம் இழுத்து விட்டுட்டு பையில போடலாம், மறுகா எடுத்தா விட்ட இடத்திலயே தொடங்கலாம். ஒரேயொரு கரைச்சல், பக்கத்தில நிக்கிற தாய்மார் கதைச்சா எண்ணிக்கை பிழைக்கும். இப்ப எங்கட ரியூசன் வாசல்ல அஞ்சு பேர் பின்னுறம், எல்லார்ட துண்டும் கோணல்தான்.

நைட்_டியூட்டி:

நான் ஆசுபத்திரியில நேர்ஸ். எண்ட பொழுதுபோக்கு நித்திரை. முசுப்பாத்திக்குச் சொல்லல்ல கா. நைட் முடிஞ்சு வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிப்போட்டு படுத்தா மீன்காரன் ஹோன் அடிப்பான், பாண்காரன் பாட்டுப் போடுவான், பக்கத்து வீட்டுல ஆரோ கேற் தட்டுவாங்க. இதுக்குள்ள கொக்கி பின்னு, பாவாடை தை, பூக்கண்டு நடு எண்டு ஆரும் சொன்னா எனக்கு கோவம் வரும், அதுவும் ஒரு வேலையாத்தான் தெரியுது. ஒண்ணும் செய்யாம கிடக்கிறதையும் பொழுதுபோக்கெண்டு சேருங்க. கல்லடி தங்கச்சி அழுதது எனக்கு விளங்குது, அது பாவாடைக்கு அழுத அழுகையில்ல, நாலரைக்கு எழும்புற அழுகை.

ஞாயிறு_சமையல்காரன்:

ஆம்பிளை ஒருவன் எழுதலாமா தெரியல்ல, திட்டாதீங்க. எங்கட வீட்டிலயும் மனிசி வேலைக்குப் போற. அவவுக்கு வாசிக்கிற பைத்தியம், கலியாணம் கட்டி வரக்குள்ள ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்தவ, அது கட்டிலுக்குக் கீழ கறையான் தின்னக் கிடந்தது. போன வருசம் ஒரு ஏற்பாடு செய்தம், ஞாயிற்றுக்கிழமை விடியல்ல இருந்து மத்தியானம் வரைக்கும் அடுப்படி என்ட. மீன் வாங்குறது, வெட்டுறது, கறி, சொதி, பாத்திரம் எல்லாம். முதல் கிழமை அவ கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கப் போனா, நான் "மிளகாய்த்தூள் எங்க, உப்பு எவ்வளவு, கொடுவா மீனுக்கு கொறுக்காய் போடுறதா" எண்டு பத்துத்தரம் கதவத் தட்டினன். ஒரு பக்கமும் வாசிக்கல்ல எண்டு பிறகு சொன்னா. இப்ப நான் கேக்கிறல்ல, தெரியாட்டி எங்கட அம்மாவுக்குப் போன் எடுப்பன். தங்கச்சி உங்கட அவருக்கு ஞாயிறு லீவுதானே?

நைட்_டியூட்டி:

அண்ணா உங்கட வீட்டு அட்ரஸைக் குடுங்க, எங்கட வீட்டு ஆளை ஒரு மாதம் ரெயினிங்குக்கு அனுப்புறன்.

படுவான்கரைப்_பேத்தி:

எண்ட அம்மம்மா சொல்றதை நான் டைப் பண்றன், அவக்கு வயசு எழுபது தாண்டிட்டு. அவ பன் எண்ட புல்லில பாய் இழைக்கிறவ. அந்தக் காலத்தில வயலுக்கும் போய், மாடும் பாத்து, ஆறு பிள்ளையும் வளத்து, இடைக்குள்ள பாயும் இழைச்சதெண்டு சொல்றா. குளத்தோரத்தில பன்னை வெட்டி வெயில்ல காயப்போட்டு, நிறம் வேணுமெண்டா சாயத்தோட அவிச்செடுத்து, மறுகா தட்டித் தட்டையாக்கித்தான் இழைக்கிற. உச்சி வெயிலுக்க இழைச்சா பன் முறியுமாம், அதால விடியக்கருக்கலிலயும் ராவைக்கும்தான் இருந்திருக்கிறாங்க, பிள்ளை தொட்டிலில கிடக்கும், ஒரு கால் தொட்டில் கயித்தை இழுக்கும் கை ரெண்டும் பாயில இருக்கும் எண்டுறா. "உங்களுக்கு அது பொழுதுபோக்கா அம்மம்மா" எண்டு கேட்டன். "போடி, பாய் வித்துத்தான் உன்ட அம்மாக்குக் கொப்பி வாங்கின" எண்டு ஏசிப்போட்டா. கொஞ்ச நேரத்தால தானாச் சொல்றா, ஓரத்தில சிவப்பும் பச்சையும் விட்டு இழைச்சது மட்டும் விக்கிறதுக்கில்லையாம், அது அவட ஆசைக்காம். அந்தப் பாய் இப்பவும் எங்கட வீட்டில கிடக்கு.

கல்லடி_வாவிக்கரை:

எல்லாருக்கும் பெரிய நன்றி, மூணு கிழமையாப் பதில் போட ஏலாமப் போச்சு, மகனுக்குக் காய்ச்சல். மிசின் ஓடுது!!! மண்ணெண்ணெய் ரெண்டு ராத்திரி விட்டன், வடிஞ்ச ஊத்தையைப் பாத்தா கறித்தூள் கரைச்ச மாதிரி. பெல்ட்டையும் வெட்டினன். கையால சில்லு சுத்துற வேலையை மகன் எடுத்துட்டான், சயன்ஸ் கேள்விக்கு வருமாம், வரட்டும். சத்தம் கேட்டதும் அம்மாவே பக்கத்தில இருந்து தைக்கிற மாதிரி இருந்தது, அதுக்கு மேல அதைப்பத்தி எழுதினா இங்கயும் அழுதிடுவன்.

தையல் அக்கா சொன்ன மாதிரித் துண்டு துண்டாத்தான் செய்தன். செவ்வாய் வெட்டினது, வியாழன் குண்டூசி, இடுப்புச் சுருக்கு நூலை ரியூசன் வாசல்ல ஸ்கூட்டியில இருந்து ஓட்டினன் (சம்மாந்துறை டீச்சர் கவனிக்கவும்), ஞாயிறு காலமை மிசினில. அவரை அடுப்படிக்கு விட்டன், சோறு குழைஞ்சு போச்சு, பறவாயில்ல சாப்பிட்டம். இடுப்பளவுபோல ரெண்டரை மடங்கு அகலம் விட்டுச் சுருக்கினன், நல்லா விரிஞ்சு நிக்குது. எண்ட அம்மா எங்களுக்குத் தைக்கக்குள்ள பாவாடையில மூணு மடிப்பு வெச்சுத் தைப்பா, வருசத்துக்கு ஒண்டாப் பிரிச்சு விட்டா பிள்ளை வளர பாவாடையும் வளரும், அதையும் வெச்சிட்டன். ஒரு பக்கத் தையல் கோணல், ஆரும் குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். நைட் டியூட்டி அக்கா, நீங்க சொன்னதும் செய்தன், போன வெள்ளி பாத்திரம் கழுவாம ஒன்பது மணிக்கே படுத்தன், விடிய அந்தப் பாத்திரம் எல்லாம் அப்பிடியே கிடந்தது, ஒண்ணும் இடிஞ்சு விழல்ல.

இப்ப புதுக் கேள்வி ஒண்ணு. ரெடிமேட் எடுக்கச் சொன்ன மாமி நேத்து தன்ட ரெண்டு சட்டையைக் கொண்டுவந்து மிசினுக்கு மேல வெச்சிட்டுப் போயிருக்கா, சீலைக்குப் போடுற சட்டை, கக்கத்தில பிடிக்குதாம், அகட்டித் தரட்டாம். அந்தத் துணி இப்ப எங்கயும் எடுக்க ஏலாது, என்ன செய்யிற?

தையல்_கிறுக்கி (களுவாஞ்சிக்குடி):

துணி தேட வேணாம். பக்கத் தையலை உள்ளுக்குப் பிரட்டிப் பாருங்க, அந்தக் காலத்து தையல்காரர் பின்னுக்குத் தேவைப்படும் எண்டு ஒரு இஞ்சியாவது உள்ளுக்கு விட்டுத்தான் தைச்சிருப்பாங்க. பழைய தையலைப் பிரிக்கிறதுக்கு முன்ன புதுத் தையலைப் போட்டிடுங்க, அப்பத்தான் கோணாது. மாமிட்ட கூலி கேளுங்க, ஒரு நாள் ராச்சமையல் எண்டு.